என் முதுகில் தெரிந்த கோடுகள்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இதையெல்லாம் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

2007 பங்குனி மாதம். தம்புள்ளையில் என் வீட்டுக்காரர் மரக்கறி லொறிகளில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஒரு வயது மகனுக்கு வெயில் ஏறினால் உடம்பு கொதிக்கும். ஒரு சொட்டு வியர்க்காது. பல்லும் முளைக்கவில்லை. காய்ச்சல்தான், வியர்த்தால் இறங்கிவிடும் என்று கம்பளிக் குல்லா போட்டு, போர்த்தியே வைத்திருந்தோம். தண்ணீர் படவே விடவில்லை. ஒரு பகல் வலிப்பு வந்துவிட்டது. மாத்தளைக்கு ஓடினோம். சண்டைக் காலம் என்பதால் வழியில் ஒவ்வொரு ஆர்மி செக்பொயின்டிலும் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் போர்வையை உருவிவிட்டு ஈரத்துணி சுற்றினார்கள். வலிப்பு நின்றது. யாழ்ப்பாணத்து டாக்டரம்மா அவனுடைய மெல்லிய முடியைத் தடவிப் பார்த்தார். பிறகு என் முதுகைக் காட்டச் சொன்னார்.

"எனக்கு ஒன்னுமில்லைங்க, புள்ளைக்குத்தாங்க."

"தெரியும். ஆனா விடை உங்கட முதுகிலதான் இருக்கு."

திரைக்குப் பின்னால் முதுகில் அயடின் பூசி, மாவு தூவி, ஃபேனை நிறுத்தினார்கள். வியர்த்த இடமெல்லாம் மாவு கருநீலமாகுமாம். நர்ஸ் மிஸ்ஸி இரண்டு கண்ணாடிகளைப் பிடித்துக் காட்டினார். "யாருங்க இந்தக் கோலத்தப் போட்டது?" என்று கேலி வேறு.

முதுகுத்தண்டின் இரு பக்கமும் ஆற்றுநீர் சுழித்து இறங்குவது போலக் கருநீலக் கோடுகள். இடையிடையே காய்ந்த வெளிர் திட்டுகள். யாருடைய முதுகையோ கனவில் பார்ப்பது போல நின்றேன்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். பெண்களுக்கு எக்ஸ் நிறமூர்த்தம், அதாவது எக்ஸ் குரோமோசோம், இரண்டு. கருவிலேயே ஒவ்வொரு கலத்திலும் ஒன்று உறங்கிவிடும். அதை உறங்க வைப்பது ஆர்.என்.ஏ. என்னும் ஓர் இழை. மற்றப் பல இழைகளைப் போல அது எந்தப் புரதத்தையும் செய்யச் சொல்வதில்லை. தான் பிறந்த நிறமூர்த்தத்தின் மேலேயே படர்ந்து அதை அடக்கிவிடும். என்னுடைய இரண்டில் ஒன்றில், வியர்வையையும் பல்லையும் முடியையும் உண்டாக்கும் இடத்தில் குறை; நல்லது உறங்கிய இடங்களில் வியர்வை இல்லை. மகனுக்கு இருப்பதோ ஒரே எக்ஸ், என்னிடமிருந்து போனது அந்தக் குறையுள்ளதுதான்.

"அப்ப என்னாலதானுங்களா?"

"நீங்க பிறக்க முந்தியே நடந்தது, அம்மா. அதில உங்கட பிழை எங்க? குளிர்ச்சியா வச்சிருங்கோ, நல்லா வளருவான்."

கண்ணாடியில் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உடம்பின் ஒரு பகுதி மறு பகுதியைச் சத்தமில்லாமல் இத்தனை காலமும் தாங்கி வந்திருக்கிறது என்று நினைத்தால், இன்றும் என்மேல் எனக்கே ஒரு பிரியம் வருகிறது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டுக் குழாயடியில் அவனைக் குளிப்பாட்டினேன். பால் குடித்துவிட்டுத் தூங்கினான்.