அடையாறு உறைந்த காலை

போன வாரம் என் மகள் கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். படிக்கப் போன இடத்திலிருந்து லீவுக்கு என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். செல்போனைத் திருப்பிக் காலடியைக் காட்டினாள். ஒரே வெள்ளை.

"அப்பா, நான் இப்போ ஆத்து மேல நிக்கறேன். தயவுபண்ணி கத்தாத."

அவளுக்குப் பின்னால் கரடி மாதிரி கோட்டு போட்ட சித்தப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எண்பதைத் தாண்டியும் மனிதர் அந்த ஒரு விஷயத்தை மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆறு என்று பேச்சு வந்தாலே எல்லோரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். பரவாயில்லை, பார்க்க வேண்டிய வாய்தான்.

நான் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தபோது, ஒரு மார்கழியில் சித்தப்பா கனடாவிலிருந்து லீவுக்கு வந்தார். அங்கே ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியார். சும்மா இருந்தாரா என்றால் இல்லை. அந்த ஊர் சரித்திரத்தைச் சேகரிக்கும் சங்கத்தில் சேர்ந்து அதற்குச் செயலாளராகவும் ஆகிவிட்டார். சொந்தக் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் விழிப்பார். அந்த ஊரில் முதல் மாவு மில் கட்டியவனின் பெயரை, அவன் மாமியார் பெயரோடு சேர்த்துச் சொல்லுவார்.

வந்ததும் வராததுமாகப் பெட்டியிலிருந்து ஸ்லைடு புரொஜெக்டரை எடுத்தார். மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஹாலில் சாயங்காலம் படம் காட்டுவதாக ஏற்பாடு. திரைக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்ததால், தெருமுனையில் தள்ளுவண்டி வைத்திருந்த இஸ்திரி அண்ணனிடம் அம்மா அதைக் கொடுத்தனுப்பினாள். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வேட்டியைக் கொண்டுவருகிற பவ்யத்தோடு வந்தார். "இருந்து பாத்துட்டுப் போங்க" என்று அம்மா சொல்ல, கதவோரம் உட்கார்ந்தார்.

எனக்கு அவர் வேண்டப்பட்டவர். இஸ்திரிப் பெட்டியின் கரியை ஊதுவதற்கு என்னை அனுமதித்த ஒரே பெரிய மனிதர். அவர் வீடு அடையாறு பாலத்துக்குக் கீழே, ஆற்றங்கரைக் குடிசைகளில் ஒன்று. ஒருமுறை கூட்டிப்போயிருக்கிறார். ஓலைக்கூரை, தகரச் சுவர். ஆனால் கதவு மட்டும் தேக்கு. இடித்த பங்களா ஒன்றிலிருந்து கொண்டுவந்து, தானே நீல பெயின்ட் அடித்தது. வீட்டைவிடக் கதவு பெரிது. "வூடு காத்துல போனாலும் கதவு நிக்கும் நைனா" என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். அந்த வீட்டைத்தான் இப்போது காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். கரையில் இருந்த எல்லோரும் போக வேண்டுமாம். எங்கே, எப்போது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. "பொங்கலுக்கு அப்பால பாத்துக்கலாம்னு சொல்றாங்க" என்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குத் தெரியும்.

விளக்கை அணைத்தார்கள். சித்தப்பாவின் ஊர் விரிப்பில் வந்தது. நடுவில் ஆறு. இந்தக் கரையில் பிரெஞ்சு பேசும் குடியானவர்கள், அந்தக் கரையில் இங்கிலீஷ் பேசும் மில்காரர்கள். ஆளுக்கொரு சர்ச். கோடையில் படகு. குளிர்காலத்தில் ஆறே உறைந்துபோகும், அப்புறம் அதன்மேல் சாலை. வழி தெரிவதற்காகச் சின்னச் சின்ன ஊசியிலை மரங்களை வெட்டி இரண்டு பக்கமும் பனியில் நட்டு வைத்திருந்தார்கள். அடுத்த ஸ்லைடில் அந்தச் சாலையின் நடுவே சித்தப்பாவின் கார்.

"இன்னா சார், தண்ணி மேலயா கீது வண்டி? உள்ள பூடாது?" என்றார் இஸ்திரி அண்ணன்.

"போகும். குளிர் விடறப்போ போகும்" என்றார் சித்தப்பா குஷியாக. குளிர் முடியும்போது ஓட்டை கார் ஒன்றை ஆற்று நடுவே விட்டுவிடுவார்களாம். ஐஸ் என்றைக்கு உடைந்து அது முழுகும் என்று ஊரே பந்தயம் கட்டுமாம். சரியாகச் சொன்னவருக்குப் பரிசு முழுப் பன்றித் தொடை. அம்மா "சிவ சிவா" என்றாள்.

அப்புறம் வந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். உறைந்த ஆற்றின் மேல் ஒரு வீடு. முழு வீடு. அடியில் மரக்கட்டைகள், முன்னால் வரிசையாகக் குதிரைகள். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. அணை கட்டப்போவதால் தாழ்வான கரை முழுகும், காலி பண்ணுங்கள் என்று சர்க்கார் சொன்னதாம். அந்த ஜனங்கள் குளிர் வரட்டும் என்று காத்திருந்து, ஆறு உறைந்ததும் வீடுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு அக்கரை போய்விட்டார்களாம்.

இஸ்திரி அண்ணன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார். அவர் நிழல் வீட்டின் மேல் விழுந்தது.

"எல்லா ஜனமும் வூட்ட எட்த்துக்கினு பூட்சா சார்?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆத்துக்கு மேல்பக்கம் பூர்வகுடிகள் இருந்தாங்க. வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே இருந்தவங்க. பனியில எங்க கால் வைக்கலாம்னு இவங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே அவங்கதான். அவங்க இடமும் முழுகிடுச்சு."

"அவங்க இன்னா ஆனாங்க?"

"தெரியலப்பா. அவங்க போட்டோ எங்க சங்கத்துல இல்ல" என்று சொல்லி அடுத்த ஸ்லைடைப் போட்டார். அதில் சித்தப்பா பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் கேட்டேன், நம் அடையாறு உறையுமா என்று. சித்தப்பா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "மார்கழிக் குளிர்னா சும்மாவாடா? ராத்திரி உறையும். விடிஞ்சதும் கரைஞ்சிடும். அதான் யாரும் பாக்கறதில்ல. காலைல பனிமூட்டமா இருந்தா, உறைஞ்சுதுன்னு அர்த்தம்."

ஓட்டமாக ஓடித் தள்ளுவண்டியில் செய்தியைச் சேர்த்தேன். "அண்ணே, ஆறு உறைஞ்சதும் உங்க வீட்ட இழுத்துடலாம்!"

அவர் பெட்டியை நிறுத்தாமல் தேய்த்தார். "சர்தான் நைனா. பீச்சாண்ட சவாரிக் குதுர கீதுல்ல, அதுங்களுக்குச் சொல்லி வெச்சிடு."

"கதவு?"

"அது வெயிட்டு. அத்த நானே தூக்கியாந்துருவேன்."

சித்தப்பா விமானம் ஏறிப் போனார். அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, இஸ்திரி அண்ணன் இரண்டு மூன்று நாளாக வரவில்லை என்று அம்மா முணுமுணுத்தாள். கசங்கிய சட்டையோடு அப்பா ஸ்கூட்டரை உதைத்தார். பள்ளிக்கூடம் அடையாறில். பாலத்தில் ஏறியதும் பார்த்தால், நடு ஆற்றின் மேல் அடைத்துக்கொண்டு பனிமூட்டம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆக, ராத்திரி உறைந்திருக்கிறது!

இந்தக் கரையைப் பார்த்தேன். குடிசைகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. வெறும் மண். சபாஷ், இழுத்துவிட்டார்கள் என்று அக்கரையைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அப்போதுதான் தண்ணீரோரம் அந்த நீலக் கதவு கண்ணில் பட்டது. பாதி சேற்றில், பாதி தண்ணீரில், மல்லாந்து கிடந்தது.

என் மூளை அன்றைக்கு வேலை செய்த வேகத்தில் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. இந்தக் கரையில் இல்லை, அந்தக் கரையில் இல்லை, சித்தப்பா சொன்ன ஓட்டை காருக்கு ஆன மாதிரி நடு ஆற்றில் ஐஸ் உடைந்திருக்கிறது.

"முழுகிட்டாங்க!" என்று அலறினேன். அப்பாவின் காதுக்கும் என் வாய்க்கும் நடுவே அரை அடிகூட இல்லை. ஸ்கூட்டர் நாகப்பாம்பு மாதிரி நெளிந்து நடைபாதையில் முட்டி நின்றது. பின்னால் வந்த பஸ் நின்றது. அதன் பின்னால் ஊரே நின்றது. நான் பாலத்தின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பஸ்ஸிலிருந்து பாதிக் கூட்டம் இறங்கி என் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. ஒருவர் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார்.

"யாருப்பா? கொழந்தையா?"

"கொழந்த இல்ல, வீடு!"

"இன்னாது, வூடா? எத்தினி வூடு?"

"எல்லா வீடும்! ஐஸ் உடைஞ்சு உள்ள போயிடுச்சு!"

சட்டையைக் கழற்றியவர் திரும்ப மாட்டிக்கொண்டார். "யாரு பெத்த புள்ளைய்யா இது?" என்று கண்டக்டர் கேட்டார். அப்பா அப்போது அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக இல்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அடப் போப்பா. இங்க கீழ இருந்த ஜனமா? அத முந்தாநேத்தே லாரில ஏத்தி அனுப்பிட்டாங்க. ஊருக்கு அந்தாண்ட எங்கியோ எடம் குட்த்துக்கீறாங்க."

"அவ்ளோதானா!" என்றது கூட்டம். ஒருவர் என் தலையில் தட்டினார். சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்கள். எனக்கும் உயிர் வந்தது. லாரி! குதிரையைவிட நல்லதாயிற்றே, வேகமாகப் போகுமே! அவ்வளவு சந்தோஷத்தில் பள்ளி வாசல் வரைக்கும் அப்பா திட்டியது எதுவும் காதில் விழவில்லை.

விஷயம் கடிதத்தில் கனடா போய், சித்தப்பாவின் சங்கத்தில் அவர் வாயாலேயே அரங்கேறி, சிரித்தவர்களில் ஒருவருக்குப் புரை ஏறியதாகக் கேள்வி. அந்த ஊர்ச் சரித்திரத்தில் எனக்கு அப்படி ஓர் இடம். மகளிடம் வீடியோவில் நானும்தான் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. அன்றைக்குப் பாலத்தில் நின்ற அத்தனை பேரும் எட்டி எட்டிப் பார்த்தது தண்ணீரை. கரையை யாருமே பார்க்கவில்லை. நான் கத்திய கத்தலில் அவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள் இஸ்திரி அண்ணன் வந்தார். வேலைக்கு இல்லை. புது இடத்திலிருந்து தினமும் வந்து போகக் கட்டுப்படியாகவில்லை, வண்டியையும் பெட்டியையும் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். அம்மா காபி கொடுத்தாள். நான் விடவில்லை. பாலத்தில் கத்திய கதையை நடித்தே காட்டினேன். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"ஐஸ் உடையலையா அண்ணே, நிஜமா?"

"இல்ல நைனா. ஐஸெல்லாம் கெட்டியாத்தான் இருந்துச்சி" என்றார். "லாரிலதான் கதவுக்கு எடம் இல்லன்னுட்டாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, அவரும் சிரிப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.