அம்பிட்டிய பஸ்ஸை நான் வாசித்துவிட்டேன்!

நேற்றுப் பல்கலைக்கழக மேடையில் ஒரே ஒரு சொல்லை வாசித்தேன். நாடகமே நின்றுவிடப் பார்த்தது!

(ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாடகம் படிக்கும் பிள்ளைகள் குண்டசாலையில் எங்கள் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு வந்திருந்தார்கள்.

"எங்கட நாடகத்துக்கு ஒரு வயசான ஆள் வேணும். ஆர் வாறீங்கள்?" என்று கேட்டாள் துஷி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவள்தான் இயக்குநர்.

முதலில் கை தூக்கியது நான்தான்!

கதை சின்னது. வாசிக்கத் தெரியாத பெரியவர் வத்தேகமவுக்குப் போகவேண்டும். வேறு பஸ்ஸில் ஏறிவிடுகிறார். பிறகு ஆட்டமெல்லாம் அந்த பஸ்ஸுக்குள்தான்.

பஸ் என்றால் தகரம் இல்லை. நடனம் படிக்கும் பிள்ளைகள் தோளில் கை போட்டு நின்றால் அதுதான் பஸ்! வளைவு வந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். (எனக்குத் தலை சுற்றும்.)

என் முதல் வசனம்: "கண்ணாடிய மறந்துட்டேன் தம்பி. இது எந்த பஸ்?"

(கண்டி பஸ் ஸ்டாண்டில் இத்தனை வருடமும் நான் சொன்ன பொய். ஒத்திகையே தேவைப்படவில்லை!)

ஒத்திகையில் பஸ்ஸின் முன்னால் நிற்கும் பிள்ளையின் கழுத்தில் வெறும் அட்டைதான் தொங்கியது.

நேற்று அதில் பெரிய சிவப்பு எழுத்து!

வாய் தானாகத் திறந்தது.

"அம்... பிட்... டி... ய. அம்பிட்டிய!"

கூட்டத்தில் எங்கள் வகுப்புப் பாக்கியம் எழுந்து கத்தினாள்: "சரியா வாசிச்சிட்டீங்கண்ணே!"

வகுப்பே கைதட்டியது. அம்பிட்டிய பஸ் என்று வாசித்துவிட்டு, வத்தேகமவுக்குப் போகிறவர் எப்படி ஏறுவார்?

நான் ஏறாவிட்டால் நாடகம் இல்லை. அது பிள்ளைகளின் பரீட்சை. புள்ளி போடும் விரிவுரையாளர் சேர் முன்வரிசையில்!

பதற்றத்தில் வசனத்தையும் சொல்லித் தொலைத்தேன். "கண்ணாடிய மறந்துட்டேன் தம்பி. இது எந்த பஸ்?"

அரங்கமே சிரித்தது.

கொண்டக்டராக நடித்த நஸ்மி அசரவில்லை.

"இப்பதானே வாசிச்சீங்க ஐயா! அது முந்தின ட்ரிப் போர்ட்டு, மாத்த மறந்துட்டம். இது வத்தேகமதான். ஏறுங்க, ஏறுங்க!"

கையைப் பிடித்து இழுத்தான். ஏறிவிட்டேன். பஸ் சாய்ந்தது, ஆடியது, பறந்தது!

முடிந்ததும் துஷியிடம் ஓடினேன்.

"மன்னிச்சுக்கம்மா. மார்க்கு போயிருச்சா?"

"ஐயா, சேர் விழுந்து விழுந்து சிரிச்சவர்! இனி நாடகம் போடுற ஒவ்வொரு முறையும் வாசியுங்கோ. ஆனா இதே மாதிரி எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேணும். அதுதான் வடிவு!"

அங்கேதான் சிக்கல்!

காலையிலிருந்து பழகுகிறேன். அம்பிட்டிய, அம்பிட்டிய, அம்பிட்டிய. வாய் தடுமாறவே மாட்டேன் என்கிறது!

"இப்ப வேகமா வாசிக்கிறீங்களே, பாவம் அந்தப் பிள்ளைங்க" என்கிறாள் என் மனைவி.

நண்பர்களே, வாசிக்கக் கஷ்டமான ஊர்ப் பெயர் ஒன்றைக் கீழே எழுதுங்கள். போர்ட்டை மாற்றச் சொல்கிறேன்.

(உடனே பதில் வராது. முதலில் நான் அதை வாசிக்க வேண்டும்!)