ஜமீலா அக்கா பூட்டிய கடிகாரம்

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து யாரிடமும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். ஜமீலா அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அப்பாவுக்கு போன் வந்தது. அக்கா டெங்குக் காய்ச்சலில் இறந்துவிட்டார், அதிராம்பட்டினத்தில் அன்றே அடக்கம் என்றார்கள். "அடப்பாவமே" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார்.

அப்பா எங்கள் ஊர் உழவர் சங்கத்தின் செயலாளர். சங்கம் நெல் வாங்குகிறது. டோக்கனில் அச்சாகும் நேர வரிசைப்படிதான் எடை போடுவார்கள். டோக்கன் மெஷின், எடைமேடை, கேமரா எல்லாவற்றின் கேபிள்களும் சுவிட்ச் என்கிற ஒரு நெட்வொர்க் பெட்டியில் வந்து சேர்கின்றன. அது சொல்வதுதான் எல்லாவற்றுக்கும் நேரம்.

போன குறுவையில் யாரோ ஒரு லேப்டாப்பைச் செருகித் தவறான நேரத்தை அனுப்பினார்கள். சுவிட்ச் அப்படியே நம்பிவிட்டது. "என் டோக்கன்ல சாயங்காலம், இவன் டோக்கன்ல காலையில. ரெண்டு பேரும் ஒரே டிராக்டர்லதாங்க வந்தோம்!" என்று ஒருவர் கத்தினார். மாவட்ட அலுவலகத்திலிருந்து சரிசெய்ய வந்த அக்கா இரண்டு டோக்கனையும் வாங்கிப் பார்த்து, "டிராக்டரோட முன்பக்கம் காலையிலயே வந்துருச்சு போலங்க" என்றார். அடிக்கப் போனவரே சிரித்துவிட்டார்.

அக்கா இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். மாவட்ட அலுவலகத்தின் சர்வர்தான் சரியான நேரத்தை அனுப்பும். அங்கும் சுவிட்சிலும் ஒரே ரகசியச் சாவியைப் போட வேண்டும். சாவி என்றால் நீளமான எழுத்துகளும் எண்களும்தான். அதை என் ரஃப் நோட்டில் எழுதித் தந்து, வாசிக்கச் சொல்லித் தட்டச்சு செய்தார். நேரம் பொருந்தவே இல்லை. அரை மணி நேரம் கேபிள்களைக் கழற்றி மாட்டினார். அப்புறம்தான் நான் ஓர் எண்ணை விட்டுவிட்டது தெரிந்தது.

"இவ்வளவு நேரமா கேபிளைத் திட்டிக்கிட்டு இருந்தேனே, உன்னைத்தான்டி திட்டியிருக்கணும்."

"ஒரு எண்ணு குறைஞ்சதுக்கா சேத்துக்கலக்கா?"

"சேத்துக்காது. ஆபீஸ் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றவனையெல்லாம் உள்ள விட்டா அப்புறம் பூட்டு எதுக்கு?"

நான் அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். அக்கா தடுத்தார். "வச்சிரு. ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு. இங்கயும் ஒருத்தர்கிட்ட இருக்கணும். டோக்கன் அடிக்கிறவங்ககிட்ட மட்டும் வேண்டாம்."

இன்று சாயங்காலம் பெரியப்பாவின் நெல் வந்தது. அதற்கு முன்னால் வந்தவர்கள் நெல்லைச் சாலையோரம் குவித்துவிட்டு மூன்று நாளாகக் காத்திருக்கிறார்கள். நாளை மதியத்துக்கு மேல் மழை என்று சொல்கிறார்கள். அதற்குள் எல்லாருடைய நெல்லையும் எடை போட முடியாது. அப்பா பெரியப்பாவிடம், "விடியறதுக்குள்ள கடிகாரத்தை நாலு நாள் பின்னால தள்ளி ஒரு டோக்கன் அடிச்சா போதும்ண்ணே. லேப்டாப் வச்சிருக்கற பையன் வந்துட்டான். சாவிதான் வேணும்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அந்த அக்கா உன் நோட்டுலதானே எழுதுச்சு?"

நோட்டு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். அது பொய். பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பா என் பையைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால் அந்தத் தாளில் இருந்ததை மனப்பாடம் செய்துகொண்டு, தாளைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, கசக்கிப் போட்டுவிட்டேன். இனி இந்த ஊரில் அந்தச் சாவி என் நினைவில் மட்டும்தான். இந்த முறை ஓர் எண்ணும் விடவில்லை. அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். உங்களில் யாராவது அக்காவின் வேலைக்கு வந்தால் அவரிடம் சொல்வேன். அப்பா கேட்டால் தெரியாது என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். தெரியும், ஆனால் தர

கதவைத் தட்டுகிறார்கள்