வலப்பக்கத்து ஸ்டியரிங்

பழைய பிளாஸ்டிக் காரை ஃப்ரீசரில் வைத்தால் பசை விறைத்து விரிசல் விடும், பாகங்கள் உடையாமல் தனித்தனியாகக் கழன்று வரும் என்று யூடியூபில் ஒருவர் செய்து காட்டினார். எங்கள் ஃப்ரீசரில் அரை கிலோ வஞ்சிரமும் உம்மாவின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கும் ஐஸ் பையும் இருந்தன. மீனை ஓரம் தள்ளிவிட்டு, காரைப் பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்தேன். ஐம்பது வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே சிரிப்பு வந்தது.

கார் நானாவுடையது. எங்களில் அண்ணனை நானா என்போம். வாப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் மார்செய் துறைமுகத்தில் வாங்கி வந்தது. பெட்டிக்குள் கார் துண்டு துண்டாக இருக்கும். நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். அப்போது நானாவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு. செய்முறைத் தாள் முழுக்கப் பிரெஞ்சு. படத்தில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. தாளைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னவள் நான்தான். காரைக்காலில் ஓடிய டாக்சிக்கெல்லாம் ஸ்டியரிங் வலப்பக்கம்தானே? நானாவும் மறுபேச்சில்லாமல் பிளேடால் டேஷ்போர்டைச் செதுக்கி, வலப்பக்கம் பள்ளம் பண்ணி ஒட்டினார்.

பரணில் பெட்டியோடு கிடந்த அந்தக் காரைச் சரிசெய்து நானாவின் கையில் கொடுப்பது என்று போன ரம்ஜானுக்குப் பிறகு முடிவு செய்தேன். அன்பினால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது லஞ்சம்.

என் கணவரும் மகனும் பிரான்சில் இருக்கிறார்கள். பதினோரு வருஷமாக நானும் போகப்போகிறேன். முதல் தடவை என் பப்பியே, அதாவது பிரான்சுக்குப் போகும் காகிதங்கள், எல்லாம் தயாரான மாதத்தில் உம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு உம்மா தானாக எழுந்து நிற்கவில்லை. விசா இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் காலாவதியானது. இப்போது மூன்றாவது. "இந்தத் தடவயும் வரலன்னா இனிமே நா கேக்க மாட்டேன்" என்று கணவர் போனில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அசதியாகச் சொன்னார்.

எங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தன்றே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். கேட்பவர்கள், பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை என்பார்கள். மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டோடு சேர்த்து, வீட்டில் இருப்பவர்களையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. நானா துபாயில் வேலை முடித்துத் திரும்பி மூன்று வருஷமாகிறது. தருமபுரத்தில் மனைவி வீட்டில் இருக்கிறார். ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து வருவார், உம்மா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். ஒரு ராத்திரி தங்கியதில்லை. எதைக் கேட்டாலும் "ஒன் வீடு, ஒன் இஷ்டம்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதியம் உம்மா கண்ணயரும் நேரத்தில்தான் காருக்கு உட்காருவேன். வாசல் கதவைத் தாழிட்டு, சாப்பாட்டு மேசையில் பழைய தினத்தாளை விரிப்பேன். பிரேக் ஆயிலில் ஊறவைத்தால் பழைய பெயிண்ட் தோலாக உரிந்தது. மங்கிப்போன முன்கண்ணாடியைப் பற்பசை வைத்துத் தேய்த்தே தெளியவைத்தேன். சக்கரத்தை அச்சில் கோக்கும் நேரம் பார்த்து "புள்ள" என்று குரல் வரும். திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வந்து உட்கார்ந்தால் மறுபடி "புள்ள". தண்ணீர். அடுத்த "புள்ள", நான் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கு மட்டும். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது குரலுக்குத்தான் எழுந்து போவேன். அந்தப் பாவத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஃப்ரீசர் வேலை செய்தது. ஸ்டியரிங் முறியாமல் கழன்று வந்தது. இப்போது படத்தைச் சரியாகப் பார்த்தேன். நானா செதுக்கிய பள்ளத்தைப் புட்டி மாவு வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒட்டினேன். கணவர் இருக்கும் ஊரில் கார் அப்படித்தான் ஓடும்.

வெள்ளிக்கிழமை நானா வந்ததும் காரைக் கையில் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, காரியம் பாதி முடிந்தது என்று நினைத்தேன். கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவர் காரை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"ஏம்புள்ள, ஸ்டியரிங்க மாத்திட்டியா?"

"அதுதானே சரி. தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"சரியாத்தான் இருக்கும். துபாய்ல இருவத்தஞ்சு வருஷம் நா ஓட்டுனதும் அந்தப் பக்கந்தான். ஆனா அது நம்ம ரெண்டு பேரும் பண்ணுனதுல்ல?"

"இந்த வீட்ல நா ஒண்ணையாவது மாத்தக் கூடாதா நானா?"

குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்தது உயர்ந்ததுதான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். விசா முடிய இன்னும் நாற்பது நாள்தான். நீங்களும் மைனியும் இங்கே வந்து உம்மாவோடு இருங்கள், நான் போகிறேன்.

நானா காரை மெதுவாக மேசையில் வைத்தார். "தங்கச்சி வீட்ல வந்து குந்திட்டான்னு ஊர் சிரிக்காதா? உம்மாவ அங்க கொண்டுபோயி மருமவ வீட்ல படுக்கவைக்கவும் முடியாது. ஒன் வீட்ல நா எப்படி இருக்கிறது, நீயே சொல்லு."

"அப்ப என் வீடு வேணாம். ஒங்களுக்கே எழுதித் தந்துடுறேன். ஒங்க வீட்ல நீங்க இருக்கலாம்ல?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. தூங்குகிறார்கள் என்று நினைத்திருந்தோம். இருவரும் கட்டிலருகே போய் நின்றோம்.

"வீட்ட எழுதிக் குடுத்துட்டு, திரும்பி வந்தா நீ எங்க வருவ புள்ள?"

பதினோரு வருஷமும் போவதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன். சாவு, மவுத்து என்றால் வருவேன், பெருநாளைக்கு வருவேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லும் வாய்தான். அன்று பொய் வரவில்லை.

"வரமாட்டேன் உம்மா."

நானா என் கையைப் பிடித்து அழுத்தினார், பேசாதே என்பதுபோல. உம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கண் கலங்கவில்லை. பிறகு நானாவின் பக்கம் திரும்பி, கடைக்குப் போய் ஏதோ வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார்கள்:

"பத்திரம் பீரோவுல மேல்தட்டுல இருக்கு. எடுத்துக்க. இவ போவட்டும்."

கேட்டது கிடைத்துவிட்டது. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உம்மா என்று சத்தமாகக் கூப்பிட்டு அழுதேன்.