வெல்வெட் கோட்டின் இடது கை

தையல் கடைக்குள் நுழைகிற எவரும் மாப்பிள்ளையைத்தான் "டெய்லர்" என்று கூப்பிட்டார்கள். கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டு முன்மேஜையில் துணி வெட்டுகிறவர் அவர். தங்கையையும் கொடுத்துக் கடையில் இடமும் கொடுத்த மச்சான், திரைக்குப் பின்னால் மிஷினில் குனிந்திருப்பார். மாப்பிள்ளை "மச்சான்" என்று கூப்பிடுவதால் வாடிக்கையாளர்களுக்கும் அவர் மச்சான்தான். வெட்டிய துணியைச் சட்டையாக்குகிறவனுக்கு உறவுமுறை, வெட்டிப் போடுகிறவனுக்குப் பட்டம். இந்தப் புகைச்சல் அவருக்குள் அணைந்ததே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் மகளிடம் கேட்டார். "டெய்லர்னா தைக்கிறவன்தானேம்மா?"

மகள் போனில் தேடினாள். "இப்ப அப்படித்தான். ஆனா சொல் பிறந்தப்ப, வெட்டுறவர்னு அர்த்தம். லத்தீன்ல செடியிலேருந்து வெட்டி நடுற குச்சிக்கு ஒரு சொல் இருந்திருக்கு. அதுலேருந்து பிரெஞ்சுல வெட்டுறதுக்கு ஒண்ணு வந்து, அப்படியே இங்கிலீஷுக்கு வந்திருக்கு. ரீடெயில் கடைங்கிறோமே, அதுவும் இதே வேர்தான். வெட்டி வெட்டி விக்கிறது."

"தையல் எங்க வருது?"

"சொல்லுக்குள்ள தையலே இல்லப்பா."

"சரியான ஆளுக்குத்தான் தங்கச்சியக் குடுத்திருக்கீங்க," என்று மனைவி சிரித்தாள். அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை மனைவியோடு வெளியூர் போயிருந்தார். மேடையில் பாடுகிற ஒருவர் கருஞ்சிவப்பு வெல்வெட்டோடு வந்தார். கோட்டு வேண்டும்.

"டெய்லர் இல்லையா?"

"நான்தான் டெய்லர்," என்றார் மச்சான்.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அளவெடுத்தார். துணியை விரித்து, சிக்கனமாக, கோட்டின் ஒரு கையை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினார். மாப்பிள்ளை வெட்டினால் இவ்வளவு துணி மிஞ்சுமா என்று நினைத்துக்கொண்டே தைத்து, ஹேங்கரில் மாட்டினார்.

விளக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது. வலது கை கருத்திருந்தது. இடது கை வெளுத்து, வேறு துணி போலப் பளபளத்தது. தடவிப் பார்த்தார். ஒன்று வழுக்கியது, ஒன்று முரண்டு பிடித்தது. வெல்வெட்டின் மயிர் எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் படிய வேண்டும். அந்தப் பக்கத்தைக் காட்டத்தான் மாப்பிள்ளை வெட்டும் துண்டுகளின் பின்னால் சாக்பீஸில் அம்பு போட்டிருப்பார். பந்தா என்று இவர் அதைக் கவனித்ததே இல்லை.

திரும்பி வந்த மாப்பிள்ளை கோட்டைப் பார்த்தார். "என்ன மச்சான், இடது கை மட்டும் வேற குடும்பத்துலேருந்து வந்திருக்கு?"

மச்சான் கோட்டை மடிக்கப் பார்த்தார்.

"அம்பு போடலையா?"

"நீ போடுறது உன் பெருமைக்குன்னு நெனச்சேன்."

"எனக்கு எதுக்கு அம்பு? வெட்டுனவனுக்குத் தெரியாதா? உங்களுக்காகத்தான் போடுறேன்." மிஞ்சிய துணியைத் தட்டி விரித்தார். "நல்லவேளை, இன்னொரு கைக்கு விட்டு வச்சிருக்கீங்க. நீங்க பிரிங்க, நான் வெட்டுறேன்."

மச்சான் பிரித்தார். தான் போட்ட தையலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தார். வெட்டுவதில் அன்று அவருக்குக் கிடைத்தது அதுதான்.

மச்சான் புதுக் கை வைத்துத் தைத்த கோட்டைப் பாடகர் வந்து மாட்டிக்கொண்டு கைகளைத் தூக்கினார், விரித்தார். திரைக்குப் பின்னாலிருந்து மச்சானுக்கு எல்லாம் கேட்டது.

"தோள்ல இழுக்கவே இல்லையே. இந்தக் கையை வச்சுத் தச்சது யாரு, நீங்களா?"

"நான் இல்லீங்க," என்றது மாப்பிள்ளையின் குரல். "டெய்லர் உள்ள இருக்கார். மச்சான், கொஞ்சம் வாங்களேன், உங்களைத்தான் கேக்குறாரு."

இத்தனை காலம் காத்திருந்த சொல். அதையும் அந்த வாய்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கோட்டைக் காப்பாற்றியதும் அவன், தன்னை டெய்லர் ஆக்குவதும் அவன். கோபித்துக்கொள்ளக்கூட ஒரு காரணத்தை மிச்சம் வைக்கவில்லை.

"மச்சான்?"

அவர் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார், வேலையில் காது கேட்காதவர் போல. ஊசியில் நூல் இல்லை. அடியில் துணியும் இல்லை.