நேர்க் கண்ணி மாடியில், எதிர்க் கண்ணி கீழே

கண் ஆஸ்பத்திரியின் முன்வாசல் கவுன்ட்டரில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது அவள் வேலை. அதனால் பேரே டோக்கன் அக்கா என்று ஆகிவிட்டது. கட்டிய கணவனே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, வாய்க்கு ருசியாகக் காபி கிடைக்காமல் கொஞ்ச நாள் அலைந்தான். டோக்கன் கொடுக்கும் நேரம் போக, கவுன்ட்டருக்கு அடியில் அவள் கை உல்லன் பின்னிக்கொண்டே இருக்கும். அந்த ஆஸ்பத்திரியில் அவள் பின்னிய குல்லாய் ஏறாத தலை இல்லை. பெரிய டாக்டருக்கு வழுக்கை என்பதால் இரண்டு குல்லாய்.

ஆனால் என்ன பின்னினாலும் மேடும் பள்ளமுமாக வரிவரியாகத்தான் வரும். "ஏங்க்கா எல்லாமே இப்படி வரிவரியா இருக்கு?" என்று யாராவது கேட்டால், "அதான் டிசைன்" என்பாள். உள்ளது என்னவென்றால், பின்னலில் பாதிதான் அவளுக்குத் தெரியும். மீதிப் பாதி தெரிந்தவள் அவளுடைய ஓரகத்தி. அவள் அதே வீட்டின் மாடியில் இருந்தாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது.

இந்தக் கூத்தை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு அடுத்தடுத்து அந்த வீட்டுக்கு வந்த இரண்டு பேருக்கும் உல்லன் பின்னும் ஆசை ஒரே சமயத்தில் பிடித்தது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு ஜோடி ஊசி. நீ விடு, நீ விடு என்று இழுத்துப் பார்த்தார்கள். யாரும் விடுவதாக இல்லை. கடைசியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரிசை பின்ன ஆரம்பித்தார்கள். மாடிக்காரியான மூத்தவள் ஒரு வரிசை முடித்தால், அந்த முனையிலிருந்து இளையவளான டோக்கன் அக்கா தன் பக்கமிருந்து அடுத்த வரிசையைத் தொடங்குவாள். துணியைத் திருப்பிப் பிடிக்கிற வேலையே கிடையாது. மூத்தவள் போட்டது எப்போதும் நேர்க் கண்ணி, நூலைப் பின்னால் வைத்துப் போடுவது. இளையவள் போட்டது எப்போதும் எதிர்க் கண்ணி, நூலை முன்னால் வைத்துப் போடுவது. அவள் கண்ணி இவளுக்குத் தெரியாது, இவள் கண்ணி அவளுக்குத் தெரியாது. ஆனால் வந்த ஸ்வெட்டர் வெண்ணெயாக வழுக்கும். சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பேரும் சேர்ந்தால் பிரமாதமான ஒரு ஆள்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. வழவழப்பான பக்கம் எப்போதும் மூத்தவளைப் பார்த்தே இருக்கும். இளையவள் பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்த யாரோ ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் யார் கைவேலை எது என்று கேட்டார்கள். மூத்தவள் சிரித்துக்கொண்டே, "நல்ல பக்கம் என்னோடது. உள்பக்கம் அவளோடது" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இளையவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வருஷக்கணக்காக முடிச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

அங்கே தடித்த வார்த்தை வீட்டைப் பிரிப்பதில் போய் நின்றது. மாடி அவர்களுக்கு, கீழே இவர்களுக்கு. பாத்திரம் பண்டம் பாதிப் பாதி. ஊசியையும் பிரித்தார்கள், ஆளுக்கு ஒன்று. ஒற்றை ஊசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிற தைரியம் அண்ணனுக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. மூத்தவள் தன்னுடையதைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். இளையவள் தன்னுடையதை வைத்து முதுகு சொறிந்தாள். பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக வேறு ஊசி வாங்கித் தனித்தனியாகப் பின்னினார்கள். மாடிக் கொடியில் என்ன காய்கிறது என்று டோக்கன் அக்கா ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அப்படி ஒரு வைராக்கியம்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்ததை மகள்தான் கலைத்தாள். அவளுக்குப் பனி கொட்டும் ஊரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "அம்மா, சின்ன வயசுல எனக்கு ஒரு ஸ்வெட்டர் இருந்துச்சே, வழவழன்னு. அதே மாதிரி ஒண்ணு வேணும். அந்த வரிவரி வேண்டாம், கழுத்துல அரிக்குது."

"அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்று டோக்கன் அக்கா சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்கு என்ன, கைக்கல்லவா தெரியும் கஷ்டம். இருக்கிற நூலையெல்லாம் எடுத்துப் பின்னிப் பார்த்தாள். எல்லாம் வரிவரி. இது நூலின் குற்றம், ஊசியின் குற்றம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மாடிப்படி ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற காரியம். அதை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மகள் போகிற இடத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு கடை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்பாளே என்று நினைக்கும்போதெல்லாம் பின்னியதைப் பிரித்து மறுபடி ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நகரத்துக் கண்காட்சிக் கூடத்தில் உல்லன் சந்தை போட்டிருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, கணவன் தோளில் இரண்டு காலிப் பைகளை மாட்டி, யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறினாள்.

சந்தை என்றால் அப்படி ஒரு சந்தை. வாசலிலேயே நாலு செம்மறியாடுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். ஆட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஜனம் உள்ளே போனது. உள்ளே வந்த அத்தனை பேரும் தாங்களே பின்னியதை உடம்பில் மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நடந்தார்கள். ஒரு பெரியவர் உல்லன் பேன்ட் போட்டிருந்தார். அவர் உட்கார்ந்து எழுந்த பிறகும் அது உட்கார்ந்தபடியே இருந்தது. நூல் கண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஆங்காங்கே பெண்கள் நின்றார்கள். அவர்களை இடித்துவிடாமல் நடப்பதே பெரும்பாடு. கணவன்மார்களுக்கென்று ஒரு மூலையில் நாற்காலி போட்டிருந்தார்கள். டோக்கன் அக்கா தன் கணவனை அங்கே ஒப்படைத்துவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

"வழவழன்னு வர்ற நூல் இருக்கா?"

எல்லாக் கடையிலும் இருந்தது. ஆட்டுக்குட்டி ரோமம், மூங்கில் நார் கலந்தது, பட்டு கலந்தது, கையில் பிடித்தால் நழுவுகிற அளவுக்கு வழவழப்பு. ஒவ்வொன்றிலும் நாலு வரிசை போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் மேடும் பள்ளமும். மூங்கில் ஊசி, இரும்பு ஊசி, கண்ணாடி மாதிரி ஒரு ஊசி, எதை மாற்றினாலும் அதே கதை. கடைசியில் ஒரு நூல்கடைக்காரி அவள் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, எல்லா வரிசையும் எதிர்க் கண்ணியே போட்டா எப்படி வழவழன்னு வரும்? ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர்னு மாத்தி மாத்திப் போடணும்."

"எனக்கு நேர்க் கண்ணி பழக்கம் இல்லைங்க."

"அது என்ன பெரிய வித்தையா? ஊசியை இந்தப் பக்கமா விடுங்க. நூலைப் பின்னால வைங்க. இழுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவேதான். டோக்கன் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதற்கா இத்தனை வருஷம்? பத்து வரிசை முடிப்பதற்குள் கையில் வழவழவென்று ஒரு துண்டு தொங்கியது. மகளுடைய ஸ்வெட்டர் முடிந்த மாதிரிதான். இனி யார் தயவும் வேண்டாம். மாடியில் இருக்கிறவள் மாடியிலேயே இருக்கட்டும். வேண்டிய நூலையும் நல்ல ஊசியாக ஒரு ஜோடியையும் வாங்கிக்கொண்டு, அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடி கணவனைத் தேடி வந்தாள்.

கணவன் இரண்டு பேராக உட்கார்ந்திருந்தான். அதாவது பக்கத்து நாற்காலியில் அவனுடைய அண்ணன், மடியில் அதே மாதிரி இரண்டு பைகள். இருவரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சுகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எப்படிங்க இங்கே?" என்றாள் மூத்தாரைப் பார்த்து.

"நீங்க வந்த பஸ்லதாம்மா. நாங்க பின்வாசல் வழியா ஏறினோம்" என்றார் அவர். "உன் மக எங்ககிட்டயும் ஸ்வெட்டர் கேட்டிருக்கா. பெரியம்மா, வழவழன்னு வேணும்னு. உங்க அக்கா ராத்திரி பகலா பின்னிப் பார்த்துட்டா, வரலை. நல்ல நூலா வாங்கலாம்னு கூட்டிட்டு வந்தா."

அவர் காட்டிய பக்கம் பார்த்தாள். அதே நூல்கடையின் மறுபக்கத்துப் பெஞ்சில் மூத்தவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு ஸ்வெட்டர். மேடும் பள்ளமுமாக, வரிவரியாக, டோக்கன் அக்கா உடம்பில் இருந்ததற்கு அச்சு அசல் ஜோடி. நேரே போட்டாலும் எதிரே போட்டாலும், ஒருத்தி மட்டும் போட்டால் இந்த வரிதான் வரும் போலிருக்கிறது. மாடியிலும் இத்தனை வருஷமாக இதே கதைதானா? முழங்கை கிழிந்து, அதை வேறு நிற நூலால் ஒட்டுப்போட்டிருந்தாள். முடி நன்றாகக் கொட்டியிருந்தது. நின்ற இடத்திலேயே டோக்கன் அக்காவுக்கு அழுகை வந்தது. கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவளை நான் இவ்வளவு தேடியிருக்கிறேனா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கையிலிருந்த வழவழப்பான துண்டைப் பார்த்தாள். ஊசியை உருவிவிட்டு நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாகப் பிரிந்து, துண்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு பெஞ்சை நோக்கி நடந்தாள்.

சத்தம் கேட்டுத் திரும்பிய மூத்தவள், அவள் வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த எதையோ அவசர அவசரமாகப் பைக்குள் திணித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கடைக்காரியைப் பார்த்தார்கள்.

"அந்த அம்மாவுக்கு வழவழன்னு வந்துச்சான்னு கேளுங்க" என்றாள் டோக்கன் அக்கா.

கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவளிடம் கடைக்காரி திரும்பி, "வந்துச்சான்னு கேக்குறாங்க" என்றாள்.

"எனக்கு எங்கே வருதுன்னு சொல்லுங்க. எனக்கு நேர்க் கண்ணிய விட்டா வேற என்ன தெரியும்?"

"எனக்கும் எதிர்க் கண்ணிய விட்டா வேற தெரியாதுன்னு சொல்லுங்க."

கடைக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். மூத்தவள் ஊசியை எடுத்துக் கண்ணி ஏற்றினாள். ஒரு வரிசை நேர்க் கண்ணி போட்டாள். போட்டு முடித்து, ஊசியின் முனையை எதிர்ப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். டோக்கன் அக்கா எதிரில் உட்கார்ந்து அடுத்த வரிசையை எதிர்க் கண்ணியில் தொடங்கினாள்.

கை மறக்கவில்லை. துணி வளர்ந்தது. இது ஏதோ செய்முறை விளக்கம் என்று நினைத்துச் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. உல்லன் பேன்ட் பெரியவர் முன்வரிசையில் நின்று போனில் படம் பிடித்தார். அண்ணனும் தம்பியும் பைகளோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பேச்சுக் கொடுத்துக் காரியத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பிஸ்கட்டுக்கே திரும்பிப் போனார்கள்.

நடுவில் மூத்தவள் கையை நிறுத்தினாள். தலையைச் சாய்த்து எட்டி, டோக்கன் அக்காவின் பக்கம் துணி எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். முடிச்சு முடிச்சாக நின்றது. தொட்டுப் பார்த்தாள்.

"அடியே, இத்தனை வருஷமும் நீ இதையா பார்த்துக்கிட்டிருந்தே?"

"ஆமாங்க்கா."

"எட்டிப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை பாரு" என்றாள் மூத்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இழுத்துப் பிடி. தளர்த்தாதே. புள்ளைக்கு ஊருக்குப் போற நாள் கிட்ட வந்துடுச்சு" என்றாள்.

இதற்கு மேல் கடைக்காரியால் தாங்க முடியவில்லை. பாவம், அவளும் எவ்வளவு நேரம்தான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பாள்? காலையிலிருந்து தொண்டை வறளக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் என்ன விளையாடுறீங்களா? உங்களுக்கு நேர்க் கண்ணி நான் இப்பதானே சொல்லிக் கொடுத்தேன், அருமையா போட்டீங்களே" என்றாள் டோக்கன் அக்காவிடம். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் கடை திறந்த உடனே எதிர்க் கண்ணி சொல்லிக் கொடுத்தேன். அந்தத் துண்டு உங்க பையிலதான் இருக்கு. தனித்தனியாவே போட்டுக்கலாமே, எதுக்கு இந்த அவஸ்தை?"

டோக்கன் அக்கா நிமிர்ந்தாள். எதிரில் மூத்தவளும் நிமிர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு வராதும்மா" என்றாள் மூத்தவள் கடைக்காரியிடம், சாவகாசமாக. "நீங்க வேற யாருக்கோ சொல்லிக் கொடுத்திருப்பீங்க."

"எனக்கும் சுத்தமா வராது" என்று சொல்லிவிட்டு, டோக்கன் அக்கா தன் வரிசையை முடித்து ஊசியை அக்கா பக்கம் நீட்டினாள்.