நடந்தும் இறங்காத சர்க்கரை

இரவு எட்டரை மணிக்குத்தான் முதன்முதலாகப் பிசகியது. மகள் விரல் நுனியைக் குத்தி, வந்த துளியைச் சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டையில் தொட்டாள். நூற்று அறுபத்தெட்டு. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றிருபதுக்குள் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அவள் சாப்பிட்டது இரண்டு சின்ன கேழ்வரகுத் தோசை, ஒரு அவித்த முட்டை, தேங்காய் துருவிப் போட்ட கொஞ்சம் பயறுத் துவரன். சாப்பிட்ட கையோடு என்னோடு அரை மணி நேரம் நடந்துவிட்டும் வந்திருந்தாள்.

“மெஷின்ல என்னமோ கோளாறு” என்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, வேறு பட்டை எடுத்து மறுபடி பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. அவள் கருவியை உறையில் போட்டு மூடினாள். ஆறு மாதம் முடிந்த வயிறு. அதற்கு முந்தின வருடம் உண்டான கரு மூன்றாம் மாதமே கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கத் தும்மக்கூடப் பயந்தோம்.

கர்ப்ப கால நீரிழிவு என்று டாக்டர் சொன்னபோது நான் முதலில் கேட்டது, “எங்க ரெண்டு குடும்பத்திலயும் இந்த வயசுல யாருக்கும் கிடையாதே, எப்படி வந்தது?” என்பதுதான். நாகர்கோவிலில் அந்த டாக்டரம்மாவிடம் கூட்டம் எப்போதும் அதிகம். இருந்தும் பொறுமையாக விளக்கினார். நஞ்சுக்கொடியிலிருந்து சுரப்பவை தாயின் இன்சுலினை மந்தமாக்குகின்றன. பெரும்பாலான பெண்களின் உடம்பு கூடுதலாகச் சுரந்து சமாளித்துக்கொள்ளும். சிலருக்கு முடியாது. தாயின் சர்க்கரை பிள்ளைக்குப் போகும், பிள்ளை அளவுக்கு மீறிக் கொழுக்கும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடவும் கூடும். “சாப்பிட்ட பிறகு நடக்கச் சொல்லுங்க. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில இருக்கிற சர்க்கரையை அதுவாவே இழுத்துக்கும். சாப்பாடும் நடையும் போதலைன்னா இன்சுலின் போடுவோம். பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்று யார் சொன்னாலும் எனக்குப் பயம் கூடிவிடும். அது என் சுபாவம்.

இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் ஊர். காலையும் மதியமும் சாப்பிட்ட பிறகு என் மனைவி அவளை வீட்டு முற்றத்தில் தென்னைகளைச் சுற்றி நடக்கவைத்தாள். இரவு நடை என் பொறுப்பு. ஆபீசிலிருந்து வந்து குளிப்பேன். அவள் ஆறரைக்குச் சாப்பிடுவாள். ஏழு மணிவாக்கில் டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் தெருவில் இறங்குவோம். கடல் காற்று அந்த நேரத்துக்கு ஊருக்குள் வந்துவிடும். அறுத்த வயலில் தவளைகள் கத்தும். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குத்தான் காய்ச்சல் வரும் என்று சொல்லிச் சிரிப்பாள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மருமகனிடமிருந்து அழைப்பு வந்தால் போனை உயர்த்திப் பிடித்துத் தெருவைக் காட்டுவாள். கல்யாணமாகிப் போன மகள் அப்படி ஒரு காரியத்துக்காக என்னோடு தினமும் நடக்க வருவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. நோயை மறந்துவிட்டு யோசித்தால், என் வாழ்க்கையில் நான் மிகவும் விரும்பிய மாலைகள் அவை. அப்படிச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

வழியில் வாசல்தோறும் பெண்கள் அவளைக் கூப்பிடுவார்கள். “மக்களே, ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போ.” அவள் உள்ளே போவாள். பெண்கள் பேசும் இடத்தில் எனக்கென்ன வேலை என்று நான் ஓடைப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, அங்கிருப்பவர்களோடு மழையைப் பற்றியும் ரோட்டுக் குழியைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். மறுபடி நடப்போம்.

அந்த வாரம் முழுக்கக் காலையிலும் மதியத்திலும் அளவு சரியாக நின்றது. இரவில் மட்டும் ஏறியது. நான் கூடுதலாக நடக்கவைத்தேன். இன்னும் ஏறியது. தோசையைப் பாதியாகக் குறைத்தோம். அப்போதும் இறங்கவில்லை. நான் மனைவியின் சமையலைச் சந்தேகப்பட்டேன். “மாவுல அரிசி எதுவும் சேக்கியா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “எங்கூட நடந்தா இறங்குது, உங்ககூட நடந்தா ஏறுது. இதுல மாவு என்ன செய்யும்? நாளைக்கி நீங்க வீட்டுல இரிங்க. நான் போறேன்.”

மறுநாள் அவளே போனாள். நான் வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இஞ்சேருங்க, நீங்க இவள நடக்கக் கூட்டிட்டுப் போனியளா, விருந்துக்குக் கூட்டிட்டுப் போனியளா? முதல் வீட்டுல மட்டி வாழப்பழம். ரெண்டாம் வீட்டுல சுக்குக்காப்பி. சீனி போடல்ல, கருப்பட்டி தான்னு ஒரு சமாதானம் வேற. அடுத்த வீட்டுல பின்னயும் மட்டிப்பழம். உரிச்சு வாயிலயே வச்சிருதாவ!”

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு வாய் தாம்ப்பா. அதான் நடக்கோமே, கரைஞ்சிரும்னு நெனச்சேன்.”

“வேண்டாம்னு சொல்லக்கூடாதா மக்களே?”

“எப்படிப்பா சொல்லுவேன்? போன தடவ அப்படி ஆனப்போ இவங்க எல்லாரும் என் கட்டில்ல வந்து இருந்து எங்கூட அழுதாங்க. இப்போ வயித்தப் பாத்துச் சந்தோசப்பட்டுத் தாறாங்க. தட்டிவிட்டா அவங்க முகம் என்னமோ போல ஆயிருது. எனக்கே பயமா இருக்கு, வேண்டாம்னு சொன்னதுனால ஏதாவது ஆயிருமோன்னு.”

படித்தவள், வேலை பார்த்தவள். என் பயம் அவளுக்கும் வந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது.

எதிர்வீட்டு மதினியைப் பாலத்தருகே பார்த்து விஷயத்தைச் சொன்னேன். என் பெரியப்பா மகனின் மனைவி அவர். பழம் கொடுத்தவர்களில் முதல் ஆள்.

“மட்டிப்பழத்துல சுகரா? பச்சப்பிள்ளைக்கி மொதமொதல்ல குடுக்கதே அதுதானே!”

“பச்சப்பிள்ளைக்கிக் குடுங்க மதினி. இப்போ அம்மைக்கி வேண்டாம்.”

“அப்போ இவ்வளவு நாளும் பாலத்துல இருந்து என்ன பண்ணிக்கிட்டு இருந்தீரு கொழுந்தனாரே? காவலுக்குப் போன ஆளு கதையளக்கப் போயிட்டீரு!”

பாலத்துச் சுவரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. ஆனால் மறுநாள் ஏழு மணிக்கு மதினி எங்களுக்கு முன்னால் தெருவில் நின்றார். நாங்கள் நடக்க நடக்க, ஒவ்வொரு வாசலிலும் அவர் குரல் எங்களுக்கு முன்னால் போனது. “யாரும் ஒண்ணும் குடுக்காண்டாம் கேட்டியளா, பிள்ளைக்கிச் சுகராக்கும்! ஆசையிருந்தா கூட வந்து நடங்க!” ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று என் மனைவிக்குக் கோபம். மகளோ சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சில நாட்களில் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் டார்ச்சோடு பின்னால் போனேன். இரவு அளவு இறங்கியது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். எட்டாம் மாதத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை காலையில் ஏற ஆரம்பித்தது. அதை எங்கள் நடையால் பிடிக்க முடியவில்லை. தூங்கும்போது ஏறுவதற்கு யாரும் பொறுப்பில்லை, உடம்பின் தன்மை அது என்று டாக்டர் சொல்லி, இரவில் கொஞ்சம் இன்சுலின் எழுதினார். முதல் ஊசியை மகள் தானே போட்டுக்கொண்டாள். நான் கொல்லைப்புறம் போய் நின்றேன். அடுத்த நாளும் நடந்தோம், அதற்கடுத்த நாளும். அவள் நடை மெதுவாகிவிட்டிருந்தது. பேச்சும் குறைந்துவிட்டது. ஒருநாள் பாலத்தருகே நின்று, “பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லாப்பா?” என்று கேட்டாள். ஆகாது என்றேன்.

நாள் கடத்த வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் மருந்து வைத்து வலி வரவழைத்தார்கள். மறுநாள் மதியம் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் வெளியில் கேட்டது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு எங்களைத் தாண்டி வேகமாகப் போனார். குதிகாலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை குறைவாக இருக்கிறதாம், பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். முகத்தைக்கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளே மகள், “எங்க கொண்டு போறீங்க?” என்று கேட்பது காதில் விழுந்தது.

அந்தப் பிரிவின் கண்ணாடிக் கதவில் உள்பக்கம் திரை போட்டிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கதவு மூடிக்கொள்ளும். மருமகன் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். பால் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்ற ஒரே வாக்கியத்தை எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. என் மனைவி வாயை மூடிக்கொண்டு ஜெபம் செய்தாள். இன்று அந்தக் குழந்தை போனில் என்னைப் பார்த்துக் கலகலவென்று சிரிக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும் சத்தம் எங்காவது கேட்டால் என் கால்கள் தானாகவே எழப் பார்க்கின்றன.

வெயில் சாயும் நேரத்தில் நடுவயது நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். கையில் குழந்தை இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்:

“பேடிக்காதீங்க சார், ஒண்ணுமில்ல. பின்னயும் பின்னயும் பாத்தாச்சு, சுகர் சரியா நிக்கி. பிள்ளைய அந்தப் பக்கத்து வாசல் வழியா அம்மைகிட்ட கொண்டு கிடத்தியாச்சு. நல்லா இழுத்துக் குடிக்கா.”